கடையில் வாங்கும் கோடாலி வெட்டத் தயாராக இருக்காது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். அல்லது விடுமுறையில் நண்பர் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கி, விறகு மூட்டிச் சமைக்கிறீர்கள். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஒரு கோடாலி இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. கடைக்குப் போனால் தலையை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். காம்பு வேறு கடையில். மாட்டித் தர ஆசாரியைத் தேட வேண்டும். கூர் வைக்கக் கொல்லரிடம் போக வேண்டும், அவர் எல்லா நாளும் பட்டறை போடுவதில்லை. இதில் எதை முதலில் செய்வது என்று யாரும் கோர்வையாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடாலி விபத்துகளில் பெரும்பாலானவை ஓங்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுபவை. ஆடுகிற தலை, ரேகை (மரத்தின் நார் ஓடும் கோடு) சாய்ந்து ஓடிய காம்பு, மழுங்கிய வாய் (வெட்டும் விளிம்பு), சரியில்லாத நிற்குமிடம் ஆகிய நான்கும்தான் காரணம். அதனால் வெட்டும் முறையைவிடத் தயாரிப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். காம்பு நன்றாகக் காய்ந்ததாகக் கிடைத்தால் எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆகும். பச்சைக் காம்பு என்றால் மாதக்கணக்கு.

1. எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு கோடாலிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் தலை 1 கிலோவிலிருந்து 1.25 கிலோவுக்குள், காம்பு 65 முதல் 70 செ.மீ. நீளம். விழுந்த மரத்தில் கிளை கழிக்கவும், தொடைப் பருமன் வரை உள்ள கட்டையைத் துண்டு போடவும், சுமாரான விறகைப் பிளக்கவும் இது போதும்.

கடைக்காரர் 2 கிலோ தலையை எடுத்து நீட்டுவார். “வெயிட்டா இருந்தாத்தான் சார் வெட்டு விழும்” என்பார். பழகிய கைக்கு அது உண்மை, உங்களுக்கு இல்லை. எடை இரட்டித்தால் அடியின் வலு இரண்டு மடங்காகிறது, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. கனமான தலையைப் புதிய கை வேகமாக வீச முடியாது. கால் மணி நேரத்தில் தோள் சோர்ந்துவிடும், அதன்பிறகு அடி நினைத்த இடத்தில் விழாது. குறி தப்புகிற அந்த நேரத்தில்தான் காயம் வருகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு பொறி, கைக்கோடாலி. 35 செ.மீ. காம்பும் அரைக்கிலோ சொச்சம் தலையுமாகப் பார்க்க விளையாட்டுச் சாமான் போலிருக்கும், பைக்குள் அடங்கும். முகாமுக்கு இதுதான் வசதி என்று பலரும் வாங்குகிறார்கள். நின்றுகொண்டு வீசினால் நீளக் காம்பைவிட இது ஆபத்து. நீளமான கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் தரையில் போய்க் குத்தும். குட்டைக் கோடாலியின் வட்டம் உங்கள் முழங்காலிலும் அதற்குக் கீழேயும்தான் முடியும். கைக்கோடாலி வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் மண்டியிட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு அடிக்கட்டை வைத்து மட்டுமே பயன்படுத்துங்கள்.

விறகு பிளப்பதுதான் முழு வேலை என்றால் கதை வேறு. வெட்டும் கோடாலியின் மெல்லிய அலகு கட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பிளப்பதற்குக் கன்னம் புடைத்த, 2.5 முதல் 3.5 கிலோ வரையிலான தலை வேண்டும். முதல் வருடத்தில் அதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும் இருந்தால் முறுக்கிய புளியங்கட்டைகூட வழிக்கு வரும்.

இன்னொன்று: சீமைக்கருவேலப் புதருக்குள் கோடாலியோடு நுழையாதீர்கள். ஓரத்து முள்கிளைகளை அரிவாளால் கழித்து, கவைக்கம்பால் ஒதுக்கித் தள்ளி, அடிமரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கோடாலிக்கு வேலை.

2. தலையைப் பார்த்து வாங்குங்கள்

ஹார்டுவேர் கடைத் தலைக்கு நான் பார்த்த இடங்களில் எடையைப் பொறுத்து 400 முதல் 700 ரூபாய் வரை சொன்னார்கள். கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினால் கொஞ்சம் கூடும். இரண்டிலும் நல்லதும் உண்டு, கழிவும் உண்டு. கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன அரம் இருக்கட்டும்.

காதைப் பாருங்கள். காம்பு நுழையும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் தடித்துப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், அடியில் எதுவும் ஒளிந்திருக்கலாம். அடுத்து, காதின் வழியே ஒரு நேரான குச்சியை நுழைத்து மேலிருந்து பாருங்கள். வாயின் கோடு குச்சியோடு ஒரே நேரில் நிற்க வேண்டும். காது கோணலாக இருந்தால் எந்த ஆசாரியும் அதைச் சரிசெய்ய முடியாது.

தலையைக் கயிற்றில் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் தட்டுங்கள். கணீரென்று நீளும் சத்தம் நல்லது. மொத்தென்று செத்த சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கடைசியாக அரம். வாயோரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் சறுக்கியபடி லேசாகக் கடிக்க வேண்டும். எளிதாகச் சுரண்டி எடுத்தால் துவைச்சல் (சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து ஏற்றும் கடினம்) இல்லாத இரும்பு, நாலு வெட்டில் வாய் மடங்கும். கடிக்கவே கடிக்காமல் வழுக்கினால் அளவுக்கு மீறிக் கடினம், முடிச்சில் பட்டதும் வாய் தெறிக்கும்.

கொல்லரிடம் அடித்து வாங்குவதானால் வாய்ப் பகுதிக்கு லாரி ஸ்பிரிங் பட்டை வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் நிற்க அனுமதித்தால், துவைச்சல் போடும் அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். செக்கச் சிவந்த அலகின் நுனியை மட்டும், ஒன்றிரண்டு விரற்கடை, தண்ணீரில் தோய்த்து எடுப்பார். ஒரு கல்லால் வேகமாகத் தேய்த்தால் கருப்புப் போய் வெள்ளை இரும்பு தெரியும். பின்பக்கம் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி நகர, அந்த வெள்ளையின் மேல் வைக்கோல் நிறம் ஊர்ந்து வரும். அதன் பின்னாலேயே பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். தனக்கு வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுத் தலையையும் தண்ணீரில் அமிழ்த்திவிடுவார். வைக்கோல் நிறத்துக்குச் சுமார் 230 டிகிரி செல்சியஸ், நீலத்துக்குச் சுமார் 300. இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் கோடாலியின் ஆயுள் இருக்கிறது. தீட்டும்போது இது மறுபடி வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். அறுப்பு நெருங்கும் நாட்களில் பட்டறையில் அரிவாள்கள் வரிசையில் கிடக்கும், உங்கள் கோடாலி பின்னுக்குப் போய்விடும். அறுப்பு முடிந்து கை ஓய்ந்த நேரத்தில் போனால் நின்று பேசி, வேண்டிய மாதிரி செய்து வாங்கலாம்.

3. காம்பில் அவசரம் காட்டாதீர்கள்

தலை நன்றாக அமைந்து காம்பு சரியில்லாமல் போனால் மொத்தமும் வீண். கடையில் பளபளவென்று வார்னிஷ் அடித்து நிற்கும் காம்பைத் தொடாதீர்கள். வார்னிஷுக்குக் கீழே முடிச்சும் விரிசலும் மெழுகால் அடைக்கப்பட்டிருக்கலாம். தவிர, வார்னிஷ் காம்பு கையில் வழுக்கும், கொப்புளம் போடும்.

நம் பக்கத்தில் கருவேலம், புளி, கொய்யா ஆகியவை காம்புக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் வெக்காலி, தடசு சொல்வார்கள். இரண்டும் அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் மரங்கள். ஆனால் மரத்தின் பெயரைவிட ரேகைதான் முக்கியம். காம்பின் பக்கவாட்டைப் பாருங்கள். ரேகைகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நேராக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து பக்கத்தில் வெளியேறினால், அந்தச் சாய்வில்தான் ஒருநாள் காம்பு சீவிய ஈட்டி மாதிரி முறியும். ரம்பத்தில் அறுத்த காம்பில் இந்தக் கோளாறு சகஜம். அதனால் ஆசாரியிடம் “பிளந்து செதுக்கின காம்பு வேணும்” என்று கேளுங்கள். பிளக்கும்போது மரம் தன் ரேகை வழியாகத்தான் பிரியும்.

பருமன் உருண்டையாக இருக்க வேண்டாம், முட்டை வடிவில் இருக்கட்டும். உருண்டைக் காம்பு கைக்குள் சுழலும், வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கைக்குத் தெரியாது. அடிநுனி சற்றுப் பருத்திருந்தால் வியர்வைக் கையிலிருந்து நழுவாது.

பச்சைக் காம்பை மாட்டினால் காயக் காயச் சுருங்கித் தலை கழன்றுவிடும். “காஞ்ச மரம்தான்” என்று எல்லோருமே சொல்வார்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள், ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் வைத்து மறுபடி போடுங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் காய வேண்டும், எடை நின்றால் தயார். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும். காம்புக்கும் செதுக்குக் கூலிக்கும் சேர்த்து 150 முதல் 300 ரூபாய் எடுத்து வையுங்கள்.

4. தலையை மாட்டுவது

இரண்டு வகை உண்டு. ஒன்று, மண் கொத்தும் குந்தாலியின் காம்பு மாதிரி மேலிருந்து நுழைப்பது. காம்பின் தலைப்பக்கம் பருத்திருப்பதால் வீச வீசத் தலை இறுகும், பறந்து போகாது. உருண்டைக் காதுள்ள நாட்டுத் தலைகளுக்கு இது பொருந்தும், புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். மற்றது, கீழிருந்து நுழைத்து மேலே ஆப்படித்து இறுக்குவது. கடைத் தலைகள் பெரும்பாலும் இந்த வகை. அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்துகொள்ளுங்கள்.

காம்பின் மேல்நுனியில் காதின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ரம்பத்தால் ஒரு பிளவு போடுங்கள். அரத்தாலும் உப்புத்தாளாலும் சிறிது சிறிதாகத் தேய்த்து, காதுக்குள் எந்தப் பக்கமும் இடைவெளி இல்லாமல் உட்கார வையுங்கள். அடுத்து வருவது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். தலை கீழே தொங்கும்படி கோடாலியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் காம்பின் அடிநுனியைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்கும், காம்பு அதற்குள் இறங்கும். தலையையே தட்டி ஏற்றினால் காம்பின் தோள் சிதைந்துவிடும்.

காம்பு காதைத் தாண்டி அரை செ.மீ. வெளியே வந்ததும், நன்றாகக் காய்ந்த மர ஆப்பைப் பிளவில் வைத்து நிதானமாக அடித்து இறக்குங்கள். ஆப்பின் மிச்சத்தை அறுத்துவிட்டு, அதற்குக் குறுக்காக ஒரு சின்ன இரும்பு ஆப்பு. அந்த அரை செ.மீ.யை அறுத்துவிடாதீர்கள். ஆப்பினால் விரிந்த அந்த மேல்விளிம்புதான் தலையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆப்புக்குப் பதில் ஆணி அடித்துத் தருவார்கள், ஏற்காதீர்கள். ஆணி காம்பைப் பிளக்கும், பிடிக்காது.

தலை ஆடினால் தண்ணீரில் ஊறவை என்று ஊரில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அன்றைக்கு இறுகும், மறுக்க முடியாது. ஊறிய மரம் இரும்புக்குள் விரிய இடமில்லாமல் நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்துப் போகும். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஆடும். ஆடினால் ஆப்பை இறுக்குங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

கடைசியாகக் காம்புக்கு எண்ணெய். பெயின்ட் கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள், ஆளிவிதை எண்ணெய்தான். அது மரத்துக்குள் இறங்கிக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்கேறும். மெல்லியதாகத் தடவி, அரைமணி கழித்துத் துடைத்து, மறுநாள் மறுபடி. நாலைந்து தடவை போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூட்டைக் கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே தரையில் விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

5. தாளும் சட்டமும்

வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட கருவிகளை 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. கோடாலி வாங்க உரிமம் தேவையில்லை. ஆனால் காரில் திறந்து கிடக்கும் கோடாலிக்கு இரவுச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்வது எளிதல்ல. வாங்கிய ரசீதைப் போனில் படமெடுத்து வையுங்கள், வாய்க்கு உறை போடுங்கள், சாக்கில் கட்டி டிக்கியில் வையுங்கள், வண்டியில் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். தேர்தல் நேரத்திலும், 163 தடை உத்தரவு (பழைய 144) இருக்கும் ஊர்களிலும் எடுத்துச் செல்வதையே தவிருங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது, பதிவுச் சாமானில்தான் போட வேண்டும்.

காட்டுக்குள் கோடாலியோடு போகவே கூடாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31 ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவது குற்றம். விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அங்கே ஆயுதம்தான், எனவே மலையேற்றப் பையில் இருக்கும் கைக்கோடாலியும் சேர்த்தி. காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் 1882 ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி தடை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடை மலையில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி பெற்ற மலையேற்றமானாலும் விறகடுப்பு ஆசையைச் சமவெளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சொந்தப் பட்டா நிலமானாலும் எல்லா மரத்திலும் கைவைக்க முடியாது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் நிலம் இருந்தால் 1955 ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். உங்கள் மரத்தையே வெட்டவும் மாவட்டக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் எந்த ஊரானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள். சமவெளியில் சொந்த நிலத்துச் சீமைக்கருவேலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்மாயிலும் புறம்போக்கிலும் நிற்பதை மட்டும் தொடாதீர்கள். யாருக்கும் வேண்டாத முள்மரம் மாதிரி தெரிந்தாலும் அதை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார்.

6. வெட்டும் இடத்தைத் தயார் செய்யுங்கள்

காலையில், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுங்கள். கோடாலியைக் கையை நீட்டிப் பிடித்து, பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் மெதுவாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். இலை, கொடி, துணிக்கயிறு எது பட்டாலும் அதை நீக்கிவிட்டுத்தான் ஆரம்பம். ஒரு சின்னக் கொப்பு தட்டினால்கூடப் போதும், அடி திசை மாறும். 5 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது, குறிப்பாக உங்களுக்கு நேர் முன்னும் நேர் பின்னும். குழந்தைகள் பின்பக்கமாக ஓடி வருவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் இல்லாத நாளில் கோடாலியை எடுக்காதீர்கள்.

லுங்கி, வேட்டி, துப்பட்டா வேண்டாம். முழுக்கால் சட்டை, இரும்பு முனை வைத்த ஷூ, கண்ணாடி. ஷூ 700 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, கண்ணாடி 100 ரூபாய். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், இதற்காகவே ஷூ செலவு தகும். அடுக்கிக் கிடக்கும் பழைய விறகில் வெறுங்கையை விடாதீர்கள். தேளும் சுருட்டை விரியனும் அங்கேதான் ஒதுங்கும். கம்பால் தட்டி உருட்டிவிட்டு எடுங்கள்.

7. வெட்டும் முறை

துண்டு போடும்போது கட்டைக்கு நேர்செங்குத்தாக அடிக்காதீர்கள், வாய் தெறித்துத் திரும்பும். இடமிருந்து ஒரு சாய்வு, வலமிருந்து ஒரு சாய்வு, 45 பாகையில் மாறி மாறி. பள்ளத்தின் மேல்வாய் அகலம் கட்டையின் பருமன் அளவுக்கு இருக்கட்டும். குறுகலாக ஆரம்பித்தால் பாதியில் கோடாலி சிக்கும்.

விழுந்த மரத்தில் கிளை கழிக்க, அடிமரத்தை உங்களுக்கும் கோடாலிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மறுபக்கக் கிளைகளை மட்டும் வெட்டுங்கள். அடியிலிருந்து நுனியை நோக்கிப் போங்கள். கிளையின் அடிப்பக்கத்தில் வெட்டு விழ வேண்டும், கவட்டைக்குள் இல்லை.

பிளப்பதற்கு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அகல அடிக்கட்டை வேண்டும். பிளக்கும் விறகை அதன் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எட்டத்து ஓரத்தில் நிறுத்துங்கள். குறி குறைந்தாலும் கோடாலி அடிக்கட்டையில் இறங்கும், காலுக்கு வராது. கால்கள் தோளகலத்தில் விரிந்து, ஒரே வரிசையில் இருக்கட்டும், ஒரு கால் முன்னால் வேண்டாம். ஒரு கை காம்பின் அடியில் நகராமல் நிற்க, மற்றக் கை தலையருகிலிருந்து சறுக்கிக் கீழே வரும். வாய் மரத்தைத் தொடும் நேரத்தில் முழங்காலை மடக்குங்கள். அப்படி மடக்கினால் கோடாலி வளைந்து உங்களை நோக்கி வராமல் நேர்கீழே இறங்கும். இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றைத்தான் பழகுவீர்கள் என்றால் இந்த முழங்கால் மடக்கலைப் பழகுங்கள்.

விறகின் முகத்தில் தெரியும் வெடிப்பைக் குறிவையுங்கள், முடிச்சை விட்டு விலகியே அடியுங்கள். சவுக்கு சொன்ன பேச்சுக் கேட்கும். சீமைக்கருவேலத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடாலியின் வாயைத்தான் பதம் பார்க்கும். தைலமரமும் வெட்டிய சூட்டிலேயே எளிது. சின்னக் குச்சிகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டும் பழக்கத்தை எந்த அண்ணாச்சி செய்து காட்டினாலும் பின்பற்றாதீர்கள். குச்சியையும் வாயையும் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்கி அடிக்கட்டையில் இறக்குங்கள்.

கோடாலியின் முதுகைச் சுத்தியலாக்க வேண்டாம். சிக்கிய கோடாலியின் மேல் சம்மட்டியால் அடிப்பதும் வேண்டாம். காது விரியும், இரும்புச் சில் தெறித்துக் கண்ணில் பாயும். நிற்கும் பெரிய மரத்தைச் சாய்ப்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், மற்றபடி பழகிய மரம்வெட்டியை அழைத்துக் கூடவே நின்று பாருங்கள்.

நடக்கும்போது தோளில் சாய்க்காதீர்கள். தலைக்குக் கீழே காம்பைப் பிடித்து, கை தொங்க, வாய் வெளிப்பக்கம் பார்க்க வைத்து நடங்கள். தடுக்கினால் அந்தப் பக்கமாகவே தள்ளிவிட்டு விழுங்கள். இன்னொருவரிடம் கொடுக்கும்போது அவர் வாய்விட்டு “புடிச்சிட்டேன்” என்று சொன்ன பிறகே கையை விடுங்கள்.

8. காயம் பட்டால்

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காபித்தூள், மஞ்சள், புகையிலை எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. தையல் போடும் மருத்துவருக்கு அதைக் கழுவி எடுப்பதே முதல் வேலையாகிவிடும். ரத்தம் நிற்காவிட்டால் 108. தோப்பில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்பதையும், அருகில் 24 மணி நேர மருத்துவமனை எது என்பதையும் வேலை தொடங்குமுன் தெரிந்து வையுங்கள். டி.டி. தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று போனில் குறித்திருங்கள், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

9. தீட்டுவதும் பாதுகாப்பதும்

மழுங்கிய கோடாலி மரத்தில் இறங்காமல் வழுக்கி ஓடும். அது எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியாது. மழுங்கிவிட்டதா என்று பார்க்க விரலைத் தடவ வேண்டாம். வாயை விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். ஓரிடத்தில் மட்டும் புள்ளியாக மின்னினால் அங்கே சின்னப் பொக்கை விழுந்திருக்கிறது.

புதுத் தலைக்கும் பொக்கை விழுந்ததற்கும் தட்டை அரம் வேண்டும், 200 ரூபாய்க்குள் கிடைக்கும். தலையை வைஸில் இறுக்கி, கையுறை போட்டு, ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இழுத்தால் பல் தேயும். இரண்டு பக்கமும் சேர்ந்து 25 முதல் 30 பாகை. எங்கே தேய்கிறது என்று தெரியவில்லையா? சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிக்கொண்டு தேயுங்கள். மை போன இடம்தான் அரம் பட்ட இடம். அதன்பிறகு சாணைக்கல்லைக் கையில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக, முதலில் சொரசொரப்பான பக்கம், பிறகு நைசான பக்கம். மரத்தில் சும்மா இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிர் போய்விடும். இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் போதும். பிறகு ஒவ்வொரு நாள் வேலைக்குப் பின்னும் கல்லில் ஐந்து நிமிடம் பிடித்தால், அரத்தை அடிக்கடி தேட வேண்டியிருக்காது.

தெருவில் சாணை பிடிப்பவரிடமோ வெல்டிங் கடை கிரைண்டரிலோ கொடுக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் பளபளவென்று வரும். ஆனால் வாயோரத்தில் நீலம் ஏறியிருந்தால் கொல்லர் போட்ட துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலப் பகுதி முழுவதையும் அரத்தால் எடுத்துத் தள்ளினால்தான் மறுபடி நல்ல இரும்பு வரும், அல்லது திரும்பவும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் பிசினையும் ஈரத்தையும் துடைத்து, இரும்புக்கு எஞ்சின் ஆயிலோ கிரீஸோ மெல்லியதாகத் தடவுங்கள். கடற்கரை ஊர்களில் இதை ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது. துரு பிடித்தால் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போதும். வாயுறைக்குப் பழைய லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டி, மடித்து, ரப்பர் வாரால் கட்டிக்கொள்ளலாம், செலவில்லை. தோலுறை அழகுதான், ஆனால் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்தால் ஈரத்தை இழுத்து வாயைத் துருப்பிடிக்க வைக்கும்.

சித்திரை வெயிலில் காம்பு சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். பருவம் மாறும்போதெல்லாம் தலையை அசைத்துப் பாருங்கள், ஆப்பைத் தட்டி இறுக்குங்கள், காம்புக்கு ஒரு கை ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். காம்பில் விரிசல் கண்டால் டேப் சுற்ற வேண்டாம், கம்பி கட்டவும் வேண்டாம். தலையைக் கழற்றி எடுத்துவிட்டு அந்தக் காம்பை அடுப்பில் வையுங்கள். அடுத்த காம்புக்கான கட்டையை இன்றைக்கே பிளந்து நிழலில் சாத்தி வைத்தால், தேவைப்படும்போது அது காய்ந்திருக்கும்.